"பழைய ப்ளானையே போட்டுடுங்க தம்பி" என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன வெள்ளிக்கிழமை புதுச்சேரியில் என் டிராவல்ஸ் ஆபீஸைச் சாத்தும் நேரத்தில் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஐயா ரிட்டையர்டு வாத்தியார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே 2008ல் நான் டைப் அடித்துக் கொடுத்த பயணத் திட்டம், மடிப்பு கலையாமல் இருந்தது. பாரிஸ் டிஸ்னிலேண்டு, இரண்டு நாள், பெரியவர் இருவர், சிறுவர் இருவர். "தம்பி, இதையே அப்படியே போட்டுடுங்க. பசங்க பேரை மட்டும் அடிச்சிடுங்க. போன இடம்தானே, எல்லாம் தெரியும்."

இந்த வருஷத்தில் இந்த வாக்கியத்தைச் சொன்ன நான்காவது ஜோடி இவர்கள். மூன்றாவது ஜோடி ஜூன் மாதம் ஊர் திரும்பியதும் என்னிடம் வந்து சண்டை போட்டார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் சண்டைக்காரர்கள் கதையை முதலில் சொல்கிறேன். லாஸ்பேட்டைக்காரர்கள். முதல் தடவை பிள்ளைகளோடு போனது மே மாதம், அதனால் இந்தத் தடவையும் மே. அப்போது காலை ஒன்பதுக்கு நுழைந்து சாயங்காலம் ஏழு மணிக்கு வெளியே வந்தார்கள், இப்போதும் அதே. அங்கே நாள் முழுக்க என்ன நடந்தது என்று அந்த அம்மா சொன்னார்: "அவர் வரிசையில நின்னார். நான் பையைப் பாத்துக்கிட்டேன். நடுவுல பையனுக்கு வீடியோ கால் போட்டு, 'இதோ பாருடா நீ அழுத இடம்'னு காட்டினோம். பேத்திக்கு ஒரு பொம்மை வாங்கினோம். அவ்வளவுதான்." இத்தனை யூரோவும் இவ்வளவு விசா அலைச்சலும் பெஞ்சில் பை காவல் காக்கவா?

முதல் தடவை பெஞ்சில் உட்கார்ந்ததற்கு நியாயம் இருந்தது. பிக் தண்டர் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டருக்குக் குழந்தை குறைந்தது 102 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். ஸ்பேஸ் மவுண்டன் என்ற இன்னொன்றுக்கு அதைவிடவும் கூட. நாலு வயசுப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டால் யாராவது ஒருவர் வெளியே நின்றே ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்று நம் வீடுகளில் கேட்கவே தேவையில்லை. இப்போது அந்தப் பிள்ளைக்குத் தாடி வந்துவிட்டது. அம்மா மட்டும் இன்னும் அதே பெஞ்சில்.

சரி, அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "போன இடம்தானே, எல்லாம் தெரியும்." இதைக் கேட்டாலே எனக்குத் தலை கனக்கும்.

உங்களுக்கு என்ன தெரியும்? 2008ல் ஒரு மெஷினில் டிக்கெட்டைச் செருகினால் நேரம் போட்டு ஒரு துண்டுச் சீட்டு வரும். அதை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். ஃபாஸ்ட்பாஸ் என்று பெயர், காசு கிடையாது. இப்போது அது இல்லை. 2021ல் பிரீமியர் ஆக்சஸ் என்று வந்தது, அதற்குத் தனிக் காசு, ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனியாகக்கூட வாங்கலாம். பெரும்பாலும் ஃபோனில் உள்ள அவர்களுடைய ஆப்பில்தான். நுழைவு டிக்கெட் தேதி போட்டு வருகிறது, தேதிக்குத் தேதி விலை மாறுகிறது. நீங்கள் ஏறின ஸ்பேஸ் மவுண்டன் 2017லிருந்து ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன். பக்கத்திலேயே உள்ள டிஸ்னியின் இரண்டாவது பூங்காவில் பாட்டுச் சத்தத்தோடு ஓடின ரோலர் கோஸ்டரை 2019ல் மூடி, 2022ல் அவெஞ்சர்ஸ் வேஷம் போட்டுத் திறந்தார்கள். எலி சமைக்கும் ராட்டட்டூயி ரைடு 2014ல் வந்தது, நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். ரயில் டிக்கெட்டும் மாறிவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து பாரிஸ் சுற்றுவட்டாரம் முழுக்க, விமான நிலையம் தவிர, ரயிலுக்கு ஒரே விலை என்று 2.50 யூரோவில் ஆரம்பித்தார்கள். கட்டு கட்டாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்த காகித டிக்கெட் காலம் போய், அட்டையில் ஏற்றிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. ஒரு அட்டையில் இரண்டு பேர் போக முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். இதைச் சொல்லியும் கேட்காமல் போய் ஸ்டேஷன் கேட்டில் மனைவி உள்ளே, கணவர் வெளியே என்று நின்றவர்கள் உண்டு.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மாறின முக்கியமான சாமான் ஒன்று உண்டு, அது நீங்கள்தான். அப்போது உங்களுக்கு 41. இப்போது அறுபதை நெருங்குகிறீர்கள். அந்தக் கவருக்குள் இருக்கும் திட்டம், 41 வயசுத் தகப்பனும் நாலு வயசுக் குழந்தையும் ஓடுவதற்காக நான் போட்டது. தூக்கம், சாப்பாடு, பாத்ரூம், எல்லாமே அந்தக் குழந்தையின் கடிகாரத்துக்கு. அதிலிருந்து பிள்ளைகள் பெயரை அடித்துவிட்டால் மிச்சம் இருப்பது உங்கள் திட்டமா?

அப்புறம் இந்த மே மாத வியாதி. பள்ளிக்கூட லீவு என்பது இருபது வருஷம் நம் உடம்பில் ஊறிப்போச்சு. பிள்ளைக்கு வேலையே கிடைத்துவிட்டது, இன்னும் மே மாதத்தில்தான் வெளியூர் யோசனை வருகிறது. பிரான்சில் மே என்றால் முதல் தேதி லீவு, எட்டாம் தேதி லீவு, ஈஸ்டர் கணக்கில் வரும் ஒரு வியாழக்கிழமை லீவும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். வியாழன் லீவு என்றால் வெள்ளியும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். அதைப் 'பாலம்' என்பார்கள். பாலம் போட்டு எல்லோரும் எங்கே வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஜூலை, ஆகஸ்டு அவர்களின் பெரிய லீவு. பிள்ளை இல்லாமல் போகிறவர்களுக்கு நான் சொல்வது செப்டம்பர் நடுப்பகுதி, இல்லையென்றால் நவம்பர் நடுவில் ஒரு செவ்வாயோ வியாழனோ. நவம்பரில் ஸ்வெட்டர் போதாது, நல்ல கோட்டு வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்த வாத்தியார் தம்பதியிடம் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். ஆளுக்கொரு காகிதம், ஒரு பேனா. "அங்கே உங்களுக்கு என்ன வேணும்னு மூணு எழுதுங்க. பக்கத்துல எட்டிப் பாக்காதீங்க." ஐயா சிரித்துக்கொண்டே ரைடு பெயர்களாக எழுதினார். அம்மா ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே வரி: "ராத்திரி பட்டாசு பாக்கணும். போன தடவை சின்னவன் தூங்கிட்டான்."

ஐயா அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நீ சொல்லவே இல்லியே" என்றார். அம்மா, "நீங்க கேக்கவே இல்லியே" என்றார். அதோடு பிளாஸ்டிக் கவர் பைக்குள் போய்விட்டது.

பட்டாசு என்றதும் அடுத்த தகராறு. "சார்சேல்ல எங்க அக்கா வீடு இருக்கு, ஓட்டல் எதுக்கு தம்பி?" புதுச்சேரிக்காரர்களில் பாதிப் பேருக்குப் பாரிஸ் பக்கம் ஒரு அக்கா வீடு இருக்கும். போங்கள், தங்குங்கள், ஒரு வாரம் வத்தக்குழம்பு சாப்பிடுங்கள். ஆனால் பூங்காவுக்குப் போகும் இரவு மட்டும் அங்கே வேண்டாம். சார்சேலிலிருந்து ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயிலைப் பிடித்து, பாரிஸ் நடுவில் இறங்கி, ஆர்.இ.ஆர். ஏ மாறி, கடைசி ஸ்டேஷன் வரை போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோடையில் அங்கே இருட்டவே பத்து மணி ஆகிவிடும். கோட்டை மேல் வெளிச்சமும் பட்டாசும் அதற்குப் பிறகுதான். முடிந்து கூட்டத்தோடு வெளியே வந்து, ரயில் மாறி, நடுராத்திரியில் அக்கா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அக்கா தூங்காமல் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதால் ஒன்பது மணிக்கே கிளம்பிவிடுவீர்கள். எனக்குத் தெரியும்.

பூங்காவுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் வால் தேரோப் என்று ஓர் இடம். அங்கே டிஸ்னியின் சொந்த ஓட்டல்களைவிடக் குறைவான வாடகையில் அறை கிடைக்கும். டிஸ்னி ஓட்டலிலேயே தங்கினால் காலையில் மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே விடுவார்கள், ஆனால் காசு கூட. இரண்டில் எதுவானாலும் ஒரு ராத்திரி போதும். மத்தியானம் அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் படுங்கள். சாயங்காலம் திரும்பப் போங்கள். குழந்தையைத் தூங்க வைத்தீர்களே, இப்போது நீங்கள் தூங்குங்கள்.

பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு இன்னும் சில வசதிகள் உண்டு. ராட்டட்டூயி மாதிரி சில ரைடுகளில் தனியாள் வரிசை உண்டு. காலியாகும் ஒற்றை இருக்கைக்கு ஆள் எடுப்பார்கள், சீக்கிரம் நகரும். அருகருகே உட்கார முடியாது. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனவர்கள் ஐந்து நிமிஷம் தள்ளி உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. கோட்டைக்கு அடியில் ஒரு குகை, அதில் சங்கிலி போட்டுக் கட்டின டிராகன் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். போன தடவை குழந்தை பயந்து அலறியதில் பாதியில் ஓடிவந்திருப்பீர்கள், இந்தத் தடவை நின்று பாருங்கள். நிதானமாக உட்கார்ந்து சாப்பிட ஒரு ஓட்டலில் முன்கூட்டியே மேசை பிடித்து வையுங்கள். சைவமென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இனி உடம்பு. இங்கே கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன்.

இன்சூரன்ஸ் படிவத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'இல்லை' என்று போடச் சொல்லி என்னைக் கெஞ்சாதீர்கள். சுகர் மாத்திரை டப்பா உங்கள் சட்டைப் பையில் தெரிகிறது. பிரீமியம் கொஞ்சம் கூடும் என்று மறைத்துவிட்டு, அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தால் கம்பெனி கையை விரித்துவிடும். இதயம், பி.பி., முதுகு, கழுத்து, இதில் எது இருந்தாலும் வேகமான ரைடுகளின் வாசலிலேயே ஏறாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன் இருட்டில் தலைகீழாகப் புரட்டும். கழுத்துத் தேய்மானத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "அதில் ஏறியே ஆகணும்" என்றால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். மாத்திரைகள் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. லக்கேஜில் போடவே கூடாது.

நடை. ஃபோனில் இருபதாயிரம் அடி காட்டியது என்று திரும்பி வருகிறவர்கள் சொல்கிறார்கள். நம் கடற்கரைச் சாலை ஒரு முனைக்கு மறுமுனை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். சாயங்காலம் வண்டி வராது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்து நடங்கள். முதல் நாள் ஒரு தடவை போய் வந்தால் போதும், கடைசி வாரம் மூன்று தடவை. எந்தச் செருப்பு அல்லது ஷூவோடு அங்கே போகப் போகிறீர்களோ அதே ஜோடியைப் போட்டு. பயணத்துக்கென்று நேரு வீதியில் புது ஷூ வாங்கிப் பெட்டியோடு சூட்கேஸில் வைக்கிறார்களே, அவர்களைத்தான் முதல் நாள் மத்தியானமே கொப்புளத்தோடு பெஞ்சில் பார்க்கலாம். சுகர் உள்ளவர்களுக்குக் கொப்புளம் என்பது விளையாட்டு இல்லை. தயவுசெய்து கேளுங்கள்.

விசா. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்கு ஷெங்கன் விசா, கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் கீழே போகக் கூடாது. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு, அந்த ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், அவர்கள் வாங்கித் தரும் சான்று வேண்டும். நம் கடற்கரையில் மேரி கட்டடம் இருக்கிறதல்லவா, அங்கே ஊருக்கு ஊர் ஒன்று உண்டு. அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அங்கேயும் நாள் பிடிக்கும்.

சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவுக்கு இரண்டாம் முறை போகிறவர்களுக்கும் கதை இதுதான். அங்கே ஜூன் மாதமும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும் வரையும் பள்ளி விடுமுறை, தவிருங்கள். நுழைவு அட்டை போய்ச் சேருவதற்கு மூன்று நாள் முன்னால் ஆன்லைனில் போடுவது, இலவசம். காசு கேட்கும் வெப்சைட்டைக் கண்டால் மூடிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். இந்த ஜோடிகள் ஆபீஸுக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "பசங்க இல்லாம அங்க உங்களுக்கு என்ன வேலைன்னு சம்பந்தி வீட்ல கேப்பாங்க, அக்கா வீட்டுக்குப் போறதா சொல்லிருக்கோம்." சம்பந்தி கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

வாத்தியார் தம்பதிக்குச் செப்டம்பரில் தேதி பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரி வால் தேரோப்பில். பையை வைக்கப் பூங்காவில் இடம் இருக்கிறது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். நீங்களும் வருவதானால் இருவருமாகச் சேர்ந்து வாருங்கள், மருந்துச் சீட்டோடு. ஐயா மட்டும் தனியாக வந்து "அவளுக்கு எல்லாம் ஓகேதான்" என்றால், பேனாவையும் காகிதத்தையும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவேன்.