வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

மைக்கேல் மூர் 2002இல் எடுத்த 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பள்ளி உணவுக்கூடக் காட்சி லேசில் மறக்காது. அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்த 1999 ஏப்ரல் 20 அன்று கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. மேசைகளுக்கு அடியில் பிள்ளைகள் பதுங்குகிறார்கள். கூடவே, அவசர உதவி கேட்டுத் தொலைபேசியில் கதறியவர்களின் குரல். அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட காட்சிகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை என்று அழைத்து வரும் பெற்றோர் உண்டு. அமெரிக்காவில் மனநல மருத்துவம் பார்க்கும் நான் அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்பவர்கள். 2021இல் செத்த 48,830 பேரில் 26,328 பேர் அப்படிப் போனவர்கள். இதைக் காட்ட எந்தக் கேமராவும் வருவதில்லை. வராமலிருப்பதும் ஒருவகையில் நல்லதுதான்.

அதனால், மனச்சோர்வோடு யார் வந்தாலும் துப்பாக்கியைப் பற்றி விசாரித்துவிடுவேன். நம்மவர்களுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்லைங்க டாக்டர்." ஒரு தகப்பனார் மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டு, "பாதுகாப்புக்குன்னு ஒண்ணு வாங்கினேன். அலமாரி மேல்தட்டுல, துணிக்கு அடியில. பையனுக்குத் தெரியாதுங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் தலை நிமிராமலே, "ஷூ பெட்டிக்குள்ளப்பா" என்றான். எந்த வீட்டில்தான் பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு பொருள் இருந்திருக்கிறது!

சாகவேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில நிமிஷங்களில் தணிந்துவிடும். முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. துப்பாக்கியை எடுத்தவர்களில் பிழைப்பவர் பத்தில் ஒருவர்தான். அந்தச் சில நிமிஷம் அது கைக்கு எட்டாமல் இருந்தாலே பாதி வைத்தியம் ஆகிவிடும்.

ஆகவே குண்டுகளைக் கழற்றித் தனியே பூட்டுங்கள், துப்பாக்கியை வேறிடத்தில் பூட்டுங்கள். சாவி உங்கள் இடுப்பை விட்டு இறங்கக்கூடாது. பிள்ளை தேறும்வரை துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியேற்றுவது அதைவிட நல்லது. யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, விசாரித்துச் செய்யுங்கள். "சாகணும்போல இருக்காப்பா?" என்று வாய்விட்டே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமென்றால் தனியே விடாதீர்கள். அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு எந்நேரமும் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.