உங்கள் கோப்புகளை இணையப் பக்கம் துழாவ முடியுமா?

'உங்கள் கணினியைச் சோதிக்கிறோம்' என்று ஒரு இணையப் பக்கம் மிரட்டுகிறது. சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32 என்று பெயர்கள் சரசரவென ஓடுகின்றன. கடைசியில் சிவப்பு எழுத்தில் வைரஸ் எண்ணிக்கை. "நிஜமாகவே என் கோப்புகளைப் பார்க்கிறதா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

இல்லை. அது வெறும் அசைபடம். பாதிப் பேரிடமாவது விண்டோஸ் இருக்கும் என்று குத்துமதிப்பாக விடுகிற ஜோசியம். சி டிரைவே இல்லாத மேக் கணினியில் திறந்தாலும் அதே பெயர்களை ஓட்டிக் காட்டும். ஜோசியத்தைக் கிண்டலடிப்பவர்களே இதை நம்பிப் பணம் கட்டுவதுதான் எனக்கு எரிச்சல்.

குரோம் போன்ற பிரவுசர்கள் உள்ளே பல புராசஸ்களாக, அதாவது தனித்தனியே இயங்கும் பகுதிகளாக, பிரிந்து ஓடுகின்றன. பக்கத்துக்குள் இருக்கும் நிரலை, அதாவது ஜாவாஸ்கிரிப்டை, ஓட்டும் புராசஸுக்கு உங்கள் கோப்புகளைத் தானாகத் திறக்கும் உரிமை கிடையாது.

சரி, விண்ணப்பங்களில் புகைப்படம் ஏற்றுகிறோமே? 1995இலேயே அதற்கு வழி வகுத்துவிட்டார்கள். 'கோப்பைத் தேர்ந்தெடு' என்பதை அழுத்தியதும் திறக்கிறதே ஒரு ஜன்னல், அது பக்கத்துக்குச் சொந்தமானதே அல்ல. பிரவுசரின் உரிமையுள்ள பகுதி இயங்குதளத்திடம் கேட்டுத் திறப்பது. அதற்குள் நீங்கள் எந்த ஃபோல்டருக்குள் போனீர்கள், எதைப் பார்த்துத் தயங்கினீர்கள் என்பது எதுவும் பக்கத்துக்குத் தெரியாது. 'திற' என்று அழுத்தியதும் அந்த ஒரு கோப்பு மட்டும் கைமாறும். 'அனுமதிக்கலாமா?' என்ற தனிக் கேள்வியே இல்லை, எடுத்துக் கொடுப்பதுதான் அனுமதி. கணினிப் பாதுகாப்பில் இவ்வளவு அழகான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

கோப்பு இருந்த இடத்தையும் மறைத்துவிடுவார்கள், ஏனென்றால் அந்த இடத்தைச் சொல்லும் பாதையில் பெரும்பாலும் உங்கள் பயனர்பெயர் இருக்கும். ஆனால் பழைய தளங்கள் சில முழுப் பாதையை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. அவை முறிந்துவிடாமல் இருக்க, எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் 'சி:\ஃபேக்பாத்\' என்ற பொய்ப் பாதையை ஒட்டிப் பக்கத்துக்குக் காட்டுகிறார்கள். சி டிரைவே இல்லாத லினக்ஸ் இயங்குதளத்திலும் அதே பொய்தான்!

கோப்புகளுக்குள் ஒரு சொல்லைத் தேடித் தரும் பக்கம் என்றால் ஒரு கோப்பு போதாது. 2004இல் வந்த கூகுள் டெஸ்க்டாப், கணினியில் தனி நிரலாக நிறுவிக்கொண்டு பிரவுசரில் முடிவுகளைக் காட்டியது. இப்போது அதெல்லாம் வேண்டாம். 2020இல் குரோம் 86 கொண்டுவந்த வசதியில் ஒரு ஃபோல்டரையே பக்கத்திடம் ஒப்படைக்கலாம், அது உட்கோப்புறைகள் வரை போய்ப் படிக்கும். விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டர்களைக் கொடுக்கப் பார்த்தால் குரோம் மறுத்துவிடும்.

தேடுவதற்குக் கோப்பை எந்த சர்வருக்கும் ஏற்ற வேண்டியதில்லை. பெரிய கோப்பை 64 கிலோபைட் துண்டுகளாக, அதாவது 65,536 பைட்களாக, நறுக்கிப் படிக்கலாம். இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல். எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற எழுத்துக்கு 3 பைட். 65,536 மூன்றால் வகுபடாது. 'க'வையே வரிசையாக நிரப்பிய கோப்பில், முதல் துண்டின் கடைசி பைட் ஒரு எழுத்தின் தலை மட்டும்தான், மிச்சம் இரண்டு அடுத்த துண்டில். கவனிக்காமல் படித்தால் அங்கே கேள்விக்குறிக் கட்டம் முளைக்கும். ஆகவே அரைகுறை பைட்களை எடுத்துவைத்து அடுத்த துண்டின் முன்னால் சேர்க்க வேண்டும். தேடும் சொல்லே இரண்டு துண்டுகளில் பிளந்து கிடக்கலாம் என்பதால், முந்தைய துண்டின் வாலையும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கொடுத்த கோப்பைப் பக்கம் வெளியே அனுப்பாது என்பதற்கு மட்டும் பிரவுசர் பொறுப்பேற்காது. பக்கம் திறந்தபின் இணையத்தைத் துண்டித்துவிட்டுத் தேடிப் பாருங்கள். முடிவுகள் வந்தால் தேடல் உங்கள் கணினியிலேயே நடக்கிறது. அப்புறம், இணைப்பைத் திரும்பக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.