எந்த நாளில் நடந்தது என்றே தெரியாத தரவை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது?

புற்றுநோய் ஆய்வுகளில் 'நோய் திரும்பிய தேதி' என்று பதிவாகியிருப்பது பெரும்பாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த தேதிதான். மார்ச்சில் ஒன்றும் இல்லை, ஜூலையில் கட்டி தெரிகிறது என்றால் நடுவில் எப்போதோ வந்திருக்கிறது, அதற்கு மேல் நமக்கு எதுவும் தெரியாது. இதைத்தான் இன்டர்வல் சென்சாரிங் என்கிறார்கள்.

பலரும் ஜூலையையே தேதியாக வைத்துக்கொண்டு நாள் ஆக ஆக எத்தனை பேர் இன்னும் நோய் திரும்பாமல் இருக்கிறார்கள் என்று காட்டும் வழக்கமான கப்லன்-மையர் வளைகோட்டைப் போட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து. ஒரு பிரிவுக்கு 6 வாரத்துக்கு ஒரு முறையும் இன்னொன்றுக்கு 12 வாரத்துக்கு ஒரு முறையும் ஸ்கேன் எடுத்தால், இரண்டு மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்தாலும் இரண்டாவது பிரிவில் நோய் தாமதமாகத் திரும்பியதாகத் தெரியும்.

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் தரவு ஒன்று இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்த 94 பேரில் 46 பேருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை மட்டும், 48 பேருக்கு அதோடு கீமோவும். மார்பகம் சுருங்கி உள்ளிழுத்துக்கொள்ள எத்தனை மாதம் ஆகிறது என்பதுதான் கேள்வி. முதலில் 4 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை வந்தவர்கள், தேறத் தேற இன்னும் தள்ளித் தள்ளி வந்தார்கள். முதல் பிரிவில் நாலு பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 0–7, 6–10, 7–14, 7–16 மாதம். 6–10 என்றால் 6ஆம் மாதம் ஒன்றும் இல்லை, 10ஆம் மாதம் பார்த்தபோது சுருக்கம் இருந்தது.

இப்படிப்பட்ட தரவிலிருந்து வளைகோட்டைப் போட 1976இல் புள்ளியியலாளர் புரூஸ் டர்ன்புல் சொன்ன வழி இது. எல்லா எல்லைகளையும் வரிசையாக வைத்து, ஒரு தொடக்க எல்லைக்கு அடுத்தபடியாகவே ஒரு முடிவு எல்லை வரும் துண்டுகளை மட்டும் எடுக்க வேண்டும். இங்கே அவை 6–7, 7–10. முதலாமவர் முழுசாக முதல் துண்டுக்கு, கடைசி இருவரும் இரண்டாவதற்கு. 6–10 ஆள்தான் சிக்கல், அவர் இரண்டிலும் இருக்கலாம். சரி, பாதிப் பாதி என்று தொடங்கினால் முதல் துண்டில் 1.5 பேர், நாலில் அது 0.375. இப்போது அவரை இந்த 0.375இன்படி மறுபடி பிரித்தால் 1.375/4, அதாவது 0.344. அடுத்த சுற்றில் 0.336. இப்படியே போய் 1/3இல் நிற்கும். 6க்கும் 7க்கும் நடுவில் வளைகோடு எப்படி இறங்குகிறது என்பதைத் தரவு சொல்வதில்லை, இந்த முறையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடுவது இன்னும் கஷ்டம். சிகிச்சையால் ஆபத்து எத்தனை மடங்கு மாறுகிறது என்று கணக்கிடும், 1972இல் வந்த காக்ஸ் முறைக்கு யாருக்கு முதலில் நடந்தது என்ற வரிசை வேண்டும், 6–10க்கும் 7–14க்கும் எது முந்தியது என்று யார் சொல்வது? 1986இல் டயான் ஃபிங்கல்ஸ்டீன், சிகிச்சையின் விளைவு சேராத அடிப்படை வளைகோட்டையும் அந்த விளைவையும் சேர்த்தே மதிப்பிடும் வழியைக் கொடுத்தார். கீமோ சேர்ந்தால் சுருக்கம் சீக்கிரம் வருகிறது என்பது இந்தத் தரவிலேயே தெரிகிறது.

இதற்கெல்லாம் விலை உண்டு. ஆளுக்கு ஒரே ஒரு பரிசோதனைதான் என்றால், பிழையைப் பாதியாக்க வழக்கமான 4 மடங்கு ஆட்கள் போதாது, சுமார் 8 மடங்கு வேண்டும். அப்புறம், பரிசோதனை நாள் நோயின் போக்கைச் சாராமல் அமைய வேண்டும். வலி வந்ததால் ஒருவர் முன்கூட்டியே ஓடி வந்தால் கணக்கு கோணிவிடும். அதனால் தரவு சேகரிக்கிறவர்கள் தயவுசெய்து கடைசியாக ஒன்றும் இல்லாமல் இருந்த தேதியையும், அந்த ஆள் ஏன் அன்றைக்கு வந்தார் என்பதையும் எழுதி வையுங்கள். புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் (R) நிரல்மொழியில் ஐசென்ரெக் மாதிரி இலவசத் தொகுப்புகள் இருக்கின்றன, ஆனால் எழுதப்படாத தேதியை அவற்றால் மீட்டுத் தர முடியாது.