திட்டம் எழுதியாயிற்று, அதன் செலவுக் கணக்கு எங்கே?

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள 178 நாடுகள் தேசியச் செயல் திட்டம் தயாரித்திருக்கின்றன. ஆனால் அதை நடத்தத் தம் சொந்த பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியவை 11 சதவீத நாடுகள்தான். 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபை இதைப் பற்றி விவாதித்தபோது திரும்பத் திரும்பப் பேசப்பட்ட கணக்கு இது. மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு, நோய்த்தொற்றுப் புள்ளிவிவரங்களைவிட இந்த 11 சதவீதம்தான் அதிகக் கவலை தருகிறது. கிருமிகளைப் பற்றி நமக்குப் போதுமான அளவு தெரியும். என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். அதற்கு எவ்வளவு ஆகும், யார் கொடுப்பது என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலான நாடுகளிடம் பதில் இல்லை.

செலவு மதிப்பீடு என்றால் நிதித்துறை ஆட்கள் கடைசியில் உட்கார்ந்து போடும் கூட்டல் கழித்தல் என்று என் சக மருத்துவர்கள் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு திட்டம் உண்மையிலேயே நடக்கக்கூடியதா என்பது அந்தக் கணக்கைப் போடும்போதுதான் தெரியவரும். ‘ஆய்வகக் கண்காணிப்பு வலுப்படுத்தப்படும்’ என்று ஒரு வரி எழுதிவிடலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். அந்த வரிக்குச் செலவு போட உட்கார்ந்தால் உடனே கேள்விகள் வந்து நிற்கும். எத்தனை ஆய்வகங்கள்? எந்தெந்த மாவட்டங்களில்? ஞாயிற்றுக்கிழமை இரவு வரும் ரத்த மாதிரியை யார் எடுத்து வைப்பது? இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால் அந்த வரி இன்னும் திட்டமாகவில்லை.

ஒரு மாவட்ட மருத்துவமனையில் ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, தொடங்குவதையே எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கல்ச்சர் மிஷின். அதற்குப் பணம் கிடைப்பது சிரமமில்லை. மூலதனச் செலவு, ஒரே முறை, திறப்பு விழாவும் வைக்கலாம். சில நிறுவனங்கள், ரீஏஜன்ட் (பரிசோதனைக்கான ரசாயனப் பொருட்கள்) எங்களிடமே வாங்குங்கள் என்ற ஒப்பந்தத்தில் மிஷினைக் காசில்லாமலே வைத்துவிட்டுப் போவதும் உண்டு. உண்மையான செலவு அடுத்த நாளில் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு 20 நோயாளிகளுக்குக் கல்ச்சர் எடுக்கிறோம், ஒருவருக்கு இரண்டு பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 14,600 பாட்டில். ஒரு பாட்டில் 300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால் 43 லட்சத்து 80 ஆயிரம். ஒரே ஒரு மருத்துவமனைக்கு, பாட்டில் மட்டும். கிருமி வளர்ந்தால் அது எது என்று கண்டுபிடிக்கவும், எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கவும் ஆகும் செலவு தனி. தரக் கட்டுப்பாட்டுக்கான கிருமி மாதிரிகள், ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), குளிர்சாதனம், தடையில்லா மின்சாரம் எல்லாம் அதற்கு மேல்.

அடுத்து ஆட்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஒரு இடத்தில் இரவும் பகலும் ஒரு டெக்னீஷியன் இருக்கவே மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் நான்கைந்து பேர். மதிப்பீட்டுத் தாள்களில் இந்த இடத்தில் ‘ஒரு டெக்னீஷியன்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். அதன் விளைவு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். மாலை நான்கு மணிக்குப் பிறகு எடுத்த ரத்தம் மறுநாள் காலைவரை மேசையில் கிடக்கும். பாட்டில் தீர்ந்து அடுத்த கொள்முதல் வரும்வரை மிஷின் துணி போர்த்தி நிற்கும். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் இப்படி நின்ற மிஷின்களை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் வார்டில் இருக்கும் மருத்துவர் என்ன செய்வார்? கல்ச்சர் முடிவு வராது என்று தெரிந்ததும், இருப்பதிலேயே வலுவான ஆன்டிபயாடிக்கை எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, எதிரே இருப்பது சீழ்த்தொற்றில் மூச்சு வாங்கும் நோயாளி. ஆனால் பாட்டிலில் மிச்சப்படுத்திய பணம் மெரோபெனம், கோலிஸ்டின் போன்ற வலுவான ஆன்டிபயாடிக்குகளாக வெளியே போகிறது. கூடவே கிருமிகளுக்கும் அந்த மருந்துகளைத் தாங்கப் பழக்கம் வருகிறது.

இந்தியாவில் இப்போது 750-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இருக்கின்றன. மேலே சொன்ன கணக்கை அத்தனைக்கும் பெருக்கிப் பார்த்தால்தான், கண்காணிப்பை ‘வலுப்படுத்துவது’ எவ்வளவு பெரிய வாக்குறுதி என்பது புரியும். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நேரத்தில் முடியாது என்றால், முதல் ஆண்டில் எத்தனை, மூன்றாம் ஆண்டில் எத்தனை என்று படிப்படியாகப் போகலாம். அதில் தவறில்லை. 2012-ல் சென்னையில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட ‘சென்னைப் பிரகடனம்’ கேட்டதும் இதைத்தான்: குறையே இல்லாத கொள்கைக்காகக் காத்திருக்காமல், நடைமுறைப்படுத்த முடிகிற கொள்கை வேண்டும்.

அதன் பிறகு 2014 மார்ச்சில் மருந்து விற்பனை விதிகளில் ஹெச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. சில ஆன்டிபயாடிக்குகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2017 ஏப்ரலில் முதல் தேசியச் செயல் திட்டம் வந்தது. விழிப்புணர்வு, கண்காணிப்பு, தொற்றுத் தடுப்பு, மருந்துகளின் முறையான பயன்பாடு, ஆராய்ச்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வகுத்த ஐந்து நோக்கங்களோடு, இந்தியாவின் தலைமைப் பங்கு என்று ஆறாவதும் அதில் உண்டு. ஆனால் நம் அரசமைப்பில் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவமனை நடத்துவதும் மருந்துக் கடையை ஆய்வு செய்வதும் மாநில அரசு. டெல்லியில் எழுதிய திட்டத்துக்குத் திருவண்ணாமலையிலோ கொல்லத்திலோதான் செலவு ஆகும். மாநில அளவில் முதலில் செயல் திட்டம் கொண்டுவந்தது கேரளம், 2018-ல். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைப் பிடிக்க 2024 தொடக்கத்தில் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று திடீர் சோதனைகளையும் தொடங்கியது. விதி எழுத ஒரு தாள் போதும். அதைக் கடைக்குக் கடை போய்ப் பார்க்க மருந்து ஆய்வாளர் வேண்டும், வண்டி வேண்டும், வழக்கு நடத்த ஆள் வேண்டும். இந்தச் செலவு எந்தத் தாளிலும் ஏறவில்லையென்றால் விதி கடைச் சுவரோடு நின்றுவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதற்கென்றே ஒரு கணக்கீட்டுக் கருவியை வெளியிட்டது. ஒவ்வொரு நடவடிக்கையையும் சிறு சிறு வேலைகளாகப் பிரித்து, அலகுச் செலவு போட்டு, ஏற்கெனவே கையில் இருக்கும் நிதியைக் கழித்து, பற்றாக்குறை எவ்வளவு என்று காட்டும். நல்ல கருவி. ஆனால் எதை உள்ளே சேர்ப்பது, எதை வெளியே விடுவது என்ற முடிவை அது எடுக்காது, நாம்தான் எடுக்க வேண்டும்.

மதிப்பீடுகள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். உலக வங்கி இந்தச் செலவுகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஏ.எம்.ஆர். (கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது) பிரச்சினைக்காகவே செய்பவை ஒருபுறம்: எதிர்ப்புத்திறன் கண்காணிப்பு, மருத்துவமனைகளில் ஆன்டிபயாடிக் பயன்பாட்டைச் சீர்படுத்தும் குழுக்கள் போன்றவை. வேறு காரணங்களுக்காகச் செய்தாலும் இதற்கும் பலன் தருபவை இன்னொருபுறம்: குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் தொகை மலைபோல் நிற்கும், நிதித்துறை கோப்பை மூடிவிடும். இரண்டாவதை முழுக்க விட்டுவிட்டாலும் தப்பு. கைகழுவத் தண்ணீர் வராத பிரசவ வார்டில் எத்தனை குழு அமைத்தாலும் தொற்று குறையாது. நான் பரிந்துரைப்பது, மொத்தத் தொகையில் முதல் வகையை மட்டும் காட்டுவது. இரண்டாம் வகைக்கு, எந்தத் துறையின் எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது, எந்த மருத்துவமனைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை என்று தனிப் பட்டியல் கொடுத்தால் போதும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு துறைச் செயலாளரிடம் பேசலாம்.

யாருடைய பையிலிருந்து போகும் என்பதும் கணக்கில் வர வேண்டும். 2019 ஜூலையில் கால்நடை, கோழித் தீவனங்களில் கோலிஸ்டின் சேர்ப்பதை மத்திய அரசு தடை செய்தது. மனிதர்களுக்குக் கடைசிப் புகலிடமாக இருக்கும் மருந்து அது, தடை மிகச் சரியான முடிவு. அரசின் பட்ஜெட்டில் அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனால் தீவன மருந்தில்லாமல் கோழியைக் காப்பாற்ற தடுப்பூசியும் பண்ணைச் சுகாதாரமும் கூடுதலாகத் தேவை. அந்தச் செலவு நாமக்கல் பண்ணையாளர் தலையில்தான் விழும். பெரிய பண்ணை தாங்கும், சிறு பண்ணை தாங்காது. கால்நடைத் துறைக்கு இதற்கென்று ஒரு வரி ஒதுக்காமல் விட்டால், தடை காகிதத்தில் இருக்கும், மருந்து வேறு பெயரில் வரும்.

மருந்து கிடைக்காமல் போவோரின் கணக்கு இன்னும் முக்கியம். ஆன்டிபயாடிக் செலவைக் குறைப்பதே நோக்கம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் தேவைப்படுபவருக்குச் சரியான மருந்து கிடைப்பதும் நோக்கம்தான். இந்தியா உட்பட எட்டு நாடுகளில் 2019 நிலவரத்தை ஆராய்ந்து 2025-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, கார்பபெனம் வகை (மெரோபெனம் போன்ற வலுவான) மருந்துகளுக்கு அடங்காத கிராம்-நெகட்டிவ் என்ற பாக்டீரியா வகையின் தொற்று வந்தவர்களில் பொருத்தமான சிகிச்சை கிடைத்தது 6.9 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களுக்குச் சரியான மருந்து போய்ச் சேரவே இல்லை. ஐ.சி.யு. வாசலில் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டும் குடும்பங்களை நான் பார்க்காத மாதம் இல்லை. ஆகவே செலவு மதிப்பீட்டில் கடைசிக்கட்ட மருந்துகளை அரசே மொத்தமாக வாங்கி, கட்டுப்பாட்டோடு கொடுக்கும் ஒரு தலைப்பு கட்டாயம் வேண்டும். மொத்தக் கொள்முதலில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு 1990-களிலிருந்தே அனுபவம் உண்டு. அந்த வழியில் இந்த மருந்துகளையும், கல்ச்சர் பாட்டில்களையும் கொண்டுவருவது எட்டாத காரியமில்லை.

‘இவ்வளவு செலவழித்தால் எவ்வளவு மிச்சமாகும்?’ என்று நிதித்துறையில் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஜிம் ஓ’நீல் தலைமையிலான பிரிட்டன் ஆய்வுக் குழு 2016-ல், இந்தப் பிரச்சினையை எதிர்கொள்ள உலகம் முழுமைக்கும் பத்தாண்டுகளுக்கு 4,000 கோடி டாலர் வரை ஆகும் என்றது. சும்மா இருந்தால், மோசமான நிலையில் 2050-ல் உலகின் ஆண்டுப் பொருளாதார உற்பத்தி இருந்திருக்க வேண்டியதைவிட 3.8 சதவீதம் குறைவாக இருக்கக்கூடும் என்று 2017-ல் உலக வங்கி கணித்தது. இந்த எண்களை முன்னுரையில் எழுதலாம். ஆனால் ஒரு மாநில அதிகாரியிடம், உங்கள் கஜானாவுக்கு இத்தனை கோடி திரும்பி வரும் என்று சொல்லக்கூடாது. தொற்றுக் குறைந்து ஒரு படுக்கை நான்கு நாள் முன்னதாகக் காலியானால், அடுத்த நாளே அதில் இன்னொரு நோயாளி படுப்பார். ரூபாய் மிஞ்சாது, இன்னொருவருக்குச் சிகிச்சை கிடைக்கும். இதை இப்படியே, படுக்கை நாட்களாகவும் உயிர்களாகவும் சொன்னால் அதிகாரிகள் புரிந்துகொள்கிறார்கள். 2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இதனால் இறந்தார்கள் என்ற கணக்கு அவர்களுக்கும் தெரியும்.

வெளிநாட்டு நிதியை நம்பி ஆட்களை நியமிப்பது ஆபத்து. 2015-ல் தொடங்கிய பிரிட்டனின் ஃப்ளெமிங் நிதி, 26.5 கோடி பவுண்டில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளின் ஆய்வகங்களைத் தூக்கி நிறுத்தியது. 2025-ல் அதை நிறுத்துவதாக பிரிட்டன் அறிவித்தது. இனி அந்த ஆய்வகங்களில் சம்பளம் கொடுப்பது யார்? மதிப்பீட்டில் ‘திட்டம் முடிந்த ஆறாம் ஆண்டில் இந்தப் பதவிக்குச் சம்பளம் எங்கிருந்து?’ என்று ஒரு பத்தி வைத்திருந்தால் இந்தக் கேள்வி முன்பே எழுந்திருக்கும்.

2025 நவம்பர் 18 அன்று இந்தியாவின் இரண்டாம் தேசியச் செயல் திட்டம், 2029 வரைக்குமானது, வெளியிடப்பட்டது. இந்த முறை அமைச்சகங்கள் காலக்கெடுவோடும் நிதியோடும் தனித்தனித் திட்டம் வைத்திருப்பதாகச் சொல்லப்பட்டிருக்கிறது, வரவேற்கிறேன். அடுத்த வேலை மாநிலங்களில் இருக்கிறது. மத்திய நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் சுற்றறிக்கை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வந்துவிடுகிறது, பிப்ரவரி 1 அன்று பட்ஜெட். மாநிலங்களிலும் துறைகள் மாதங்களுக்கு முன்பே மதிப்பீடு அனுப்பிவிடும். டிசம்பரில் ஒரு கருத்தரங்கு நடத்தி, ஜனவரியில் அறிக்கை கொடுத்தால் அந்த ஆண்டு போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் துறையும் ஜூலைக்குள் நான்கு எண்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும்: போன ஆண்டு எத்தனை கல்ச்சர், ரீஏஜன்ட் இல்லாமல் நின்ற நாட்கள் எத்தனை, காலியாக இருக்கும் பணியிடங்கள் எத்தனை, அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு ரூபாய், எந்தக் கணக்குத் தலைப்பில்.