தாமரைத் தடாகத்தில் கூத்தாட, மண்டபம் கிடைத்தால் மட்டும் போதாது

கொழும்பு தாமரைத் தடாக அரங்கு திறந்தது 2011 டிசம்பர் 15. கட்ட உதவியது சீனா, மாதிரி பொலன்னறுவைத் தாமரைக் குளம், இருக்கைகள் 1,288. வரலாறு இவ்வளவு போதும். திருகோணமலையிலிருந்து ஒரு குழு அந்த மேடையில் ஏறுவதற்குள் படும் பாட்டைச் சொல்கிறேன்.

மண்டபத்துக்குத் திகதி வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்து விடாதீர்கள். நாடகப் பிரதிக்கான அனுமதி வேறு. மேடை நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது; பிரதியைத் தணிக்கைச் சபை பார்த்தாக வேண்டும். கூத்துக்காரருக்கு வில்லங்கம் இதில்தான். பாட்டெல்லாம் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் நெஞ்சில் இருக்கும், மிஞ்சினால் கரை கிழிந்த ஒரு கொப்பியில் இருக்கும். முதலில் அதைத் தட்டச்சு செய்யுங்கள். அனுமதி கைக்கு வருமுன் டிக்கெட் அச்சடிக்கக் கொடுக்காதீர்கள்.

எங்கள் அண்ணாவியாருக்கு ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தது. நாலாக மடித்து இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டு, மருந்துக்கடைத் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தார். கடைசித் திகதி அதற்கு முந்தின நாளே முடிந்திருந்தது.

இதற்கு வழி இருக்கிறது. நீங்கள் எழுதும் மொழியிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது; கொழும்புக் கந்தோருக்கும் அது பொருந்தும். ஆனால் கவனம்: 'மரியாதையாக இருக்கட்டும்' என்று முதற்கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினால் பதிலும் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழிலேயே எழுதுங்கள். வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

அடுத்தது அலைக்கழிப்பு. "ஐயா லீவு", "கோப்பு மேலே போயிருக்கு", "அடுத்த கிழமை எடுத்துப் பாருங்கோ." தொலைபேசியில் சொன்னதை நாளைக்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோரில் தரும் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் சொல்ல வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் கதைதான் வரும். "என் விண்ணப்பம் எந்தத் திகதியிலிருந்து யாருடைய மேசையில் இருக்கிறது? அதன் குறிப்புகளின் பிரதி வேண்டும்" என்று கேளுங்கள். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு உங்களுக்கு 14 நாள்தான். கோபத்தில் அதைக் கடத்திவிடாதீர்கள்.

கூத்துக் குழுவை நடத்தும் மன்றத்தின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருப்போம்: பதிவில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, சீலில் ஒன்று. திருப்பி அனுப்ப அவர்களுக்கு அது போதும். பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தரிடம் போய்ப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், இரவு ரயிலேறுமுன் எல்லாத் தாளிலும் இரண்டு போட்டோப் பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும்.