கம்ப்ளையன்ஸ்: கீழ்ப்படிதலா, கடைப்பிடியா?

புதுச்சேரி, கடலூர் பக்க மருத்துவமனைகளில் ‘பேஷண்டுக்குக் கம்ப்ளையன்ஸ் சரியில்லை’ என்ற பேச்சு தினமும் காதில் விழும். மாத்திரையைச் சொன்னபடி சாப்பிடவில்லை, சொன்ன தேதிக்கு வரவில்லை என்று பொருள். பொதுச் சுகாதாரத்திலும் இதே சொல்தான். முகக்கவசம் போடுவது, தண்ணீர்த் தொட்டியை மூடுவது, முகாமில் கொடுத்த மாத்திரையை விழுங்குவது எல்லாம் அதற்குள் அடங்கும்.

லத்தீனில் ‘நிரப்பு, நிறைவாக்கு’ என்று பொருள்படும் கொம்ப்ளேரே என்ற வினைதான் இதன் வேர். இத்தாலியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, ‘வளை’ என்று பொருள் தரும் வேறொரு சொல்லின் சாயல் இதில் ஏறிவிட்டது. கடமையை நிறைவேற்றுதல் என்றிருந்தது வளைந்து கொடுத்தல் என்றானது. மருத்துவத்தில் இதைக் கலைச்சொல்லாக நிலைநிறுத்தியவர்கள் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் சாக்கெட், பிரையன் ஹெய்ன்ஸ் ஆகியோர், காலம் 1970கள். டாக்டர் சொல்வார், நோயாளி வளைவார் என்ற வாடை இதில் அடிக்கிறது என்ற குறை எழுந்ததால், ‘ஒட்டிக்கொள்ளுதல்’ என்று வேர்ப்பொருள் கொண்ட அட்ஹியரன்ஸ் முன்னுக்கு வந்தது. 2003இல் உலக சுகாதார நிறுவனம் அதையே எடுத்துக்கொண்டு, நோயாளியும் ஒப்புக்கொண்ட அறிவுரை என்ற நிபந்தனையையும் சேர்த்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஒப்சர்வான்ஸ் என்கிறார்கள். அதன் லத்தீன் வேருக்குக் கண்வைத்துக் காத்தல் என்று பொருள்.

தமிழில் எதைச் சொல்வது? வரி, கம்பெனிச் சட்டம் பற்றிய எழுத்துகளில் ‘இணக்கம்’ புழங்குகிறது. சட்டத்தோடு இணங்கலாம், சரி. கொசுவோடு எதற்கு இணங்குவது? ‘கீழ்ப்படிதல்’ மருத்துவர்கள் கைவிட நினைத்த அதே வாடையோடு வருகிறது. ‘அனுசரித்தல்’ வடமொழியில் பின்தொடர்தல்தான். ஆனால் நம் வீடுகளில் ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்றால் விட்டுக்கொடு என்றே பொருள். ‘ஒழுகுதல்’ நல்ல பழஞ்சொல், என்ன செய்ய, இன்று குழாய்தான் ஒழுகுகிறது. வீட்டுப் பேச்சில் உயிரோடு இருப்பது ‘பத்தியம்’. அதுவோ உணவோடு நின்றுவிடுகிறது.

எஞ்சுவது ‘கடைப்பிடி’. கடை என்றால் முடிவு, எல்லை. முடிவுவரை பிடித்திருப்பது கடைப்பிடி. பழைய அகப்பொருள் இலக்கண உரையான இறையனார் களவியல் உரை அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என நான்கு குணங்களைச் சொல்லி, கடைப்பிடி என்பது ‘கொண்ட பொருள் மறவாமை’ என்று விளக்குகிறது. கட்டளைக்குப் பணிதல் என்ற பேச்சே அதில் இல்லை, மறக்காமல் இருத்தல்தான் பொருள். திருக்குறளின் மருந்து அதிகாரத்திலும் இந்தச் சொல் வருகிறது: ‘அற்றது அறிந்து கடைப்பிடித்து மாறல்ல துய்க்க துவரப் பசித்து’. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, நன்றாகப் பசித்த பின், உடம்புக்கு மாறுபடாததையே உண்ண வேண்டும் என்ற அந்த அறிவுரையில், கடைப்பிடித்து என்பதற்குப் பரிமேலழகர் தரும் உரை ‘குறிக்கொண்டு’. மனத்தில் குறித்து வைத்துக்கொண்டு என்பது பொருள்.

எழுத்தில் ஒரு எச்சரிக்கை. ‘ப்’ போட்டே எழுத வேண்டும். ‘விதிகளை கடை பிடிக்கவும்’ என்று எழுதிய பலகைகள் ஏராளம். புதுச்சேரி நேரு வீதியில் வாடகைக்குக் கடை பிடிப்பதற்குப் பகடிப் பணம் வேண்டும், அது வேறு சமாச்சாரம்.

கொண்ட பொருளை மறவாமைக்கு உளவியலில் ஒரு நெருங்கிய உறவு இருக்கிறது: வர்க்கிங் மெமரி. கைவேலை நடக்கும்போது தேவையான செய்திகளைச் சில வினாடிகள் மனத்தில் ஏந்தி, அவற்றைப் புரட்டிப் பார்க்கும் திறன். ‘செயல்நினைவு’ என்பது பொருத்தம். ‘நினைவகம்’ என்றால் கணினியின் மெமரியும் பெரியவர்களுக்கு எழுப்பிய மண்டபமும் குறுக்கே வந்து நிற்கும். இதன் கொள்ளளவு சிறியது. 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் ஏழு செய்திகள், இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். 2001இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதைச் சுமார் நான்காகக் குறைத்தார்.

அமெரிக்காவில் 2020 மார்ச் 13 முதல் 25 வரை 850 பேரிடம் செய்த ஆய்வொன்றில், செயல்நினைவு கூடுதலாக உள்ளவர்கள் கொரோனா இடைவெளியைக் கூடுதலாகக் கடைப்பிடித்ததாகச் சொன்னார்கள். படிப்பு, வருமானம், பொது அறிவுத்திறன், மனச்சோர்வு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. இடைவெளியால் வரும் நன்மையையும் அதற்குக் கொடுக்கும் விலையையும் ஒருசேர மனத்தில் வைத்து எடைபோட முடிவதே இடையில் வேலை செய்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பதில்கள் அவரவரே சொன்னவை, கிடைத்தது தொடர்புதான், காரணம் நிரூபணமாகவில்லை. ‘விதியை மீறுபவன் மட்டி’ என்று இதைப் படிப்பவர்கள் ஆய்வையே தப்பாகப் படிக்கிறார்கள். ஏந்த வேண்டிய சுமையைக் குறைப்பது அறிவுரை எழுதுபவரின் வேலை என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

யானைக்கால் நோய் வேரூன்றியிருந்த இந்தக் கடலோரத்துக்கு மாத்திரை முகாம் பழகிய விஷயம். யானைக்கால் புழுவைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரை 100 மில்லிகிராம். 2 முதல் 5 வயதுக்கு ஒன்று, 6 முதல் 14க்கு இரண்டு, 15க்கு மேல் மூன்று. கூடவே குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒன்று. வெறும் வயிற்றில் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகளுக்குக் கிடையாது. ஊர் மக்களில் குறைந்தது 65 விழுக்காட்டினர் விழுங்கினால்தான் பரவல் உடையும். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தே ஆக வேண்டும். வீட்டுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தால் அது ‘சென்றடைவு’, தொண்டைக்குள் இறங்கினால்தான் ‘கடைப்பிடிப்பு’. முந்தையதை எண்ணிப் பிந்தையதென்று கணக்கெழுதும் பழக்கத்தால் பல சுற்றுகள் வீணாகும். மாத்திரை அலமாரியில் தங்கிவிடுவது எதனால்? ‘எனக்குத்தான் காலு நல்லா இருக்கே’ என்பது ஒன்று. ரத்தத்தில் யானைக்கால் நோயின் நுண்புழு இருப்பவருக்கு வெளியே ஒரு அடையாளமும் தெரியாமல் இருக்கலாம். இன்னொன்று, விழுங்கிய பின் காய்ச்சலும் தலைவலியும் வந்த அடுத்த வீட்டுக்காரர். புழு சாவதால் வரும் காய்ச்சல் அது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இன்றைக்குக் காய்ச்சல், பல வருஷம் கழித்து வராத யானைக்கால்: இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்துவது யாருக்கும் எளிதில்லை. மாத்திரை கொடுக்கும்போதே ‘நாளைக்கு லேசா காய்ச்சல் அடிக்கலாம், பயப்படாதீங்க’ என்று சொல்லி, சாப்பிட்டாரா என்று கேட்டு, கண்முன்னே விழுங்கச் செய்தால் அந்தச் சுமை இறங்கிவிடும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் இன்னும் நுணுக்கமானது. உலக சுகாதார நிறுவனக் கலவையின் பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டர் நீருக்கானது. கடைகளில் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு. பெரியதை ஒரு டம்ளரில் கொட்டிவிட்டால் லிட்டருக்கு 75 மில்லிமோலாக இருக்க வேண்டிய சோடியம் 375 ஆகிவிடும், கடல்நீரின் சோடியத்தில் ஐந்தில் நான்கு பங்கு. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு அது விஷம். ‘ஒரு லிட்டர் தண்ணியில கலக்குங்க’ என்ற சொல் வீட்டுக்குள் போவதற்குள் மறந்துபோகும். ‘ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் முழுக்க, பொட்டலம் முழுக்க, ஒரு நாளைக்கு மேல வெச்சுக்காதீங்க’ என்றால் நிற்கும், ஏனென்றால் அளவை அந்தத் தண்ணீர் பாட்டிலே நினைவில் வைத்துக்கொள்கிறது.

டெங்குவுக்கும் இதே வழிதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதனால் வாரம் ஒருமுறை தண்ணீர் டிரம்மைக் காலி செய்ய வேண்டும். நீரை மட்டும் கொட்டினால் போதாது. நீர்மட்ட விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்தே ஆக வேண்டும். ‘வாரம் ஒருமுறை’ என்பதை மனம் பிடித்துவைப்பதில்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வேலையோடு கட்டிவிட்டால் தனியாக நினைக்க வேண்டியதே இல்லை.

செவிலியர்கள் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டுக்குப் போய் எப்படிக் கலக்குவீங்க, சொல்லுங்கம்மா’ என்றால்தான் எது நின்றது, எது நழுவியது என்று தெரியும். குறிப்பேட்டிலும் ‘கம்ப்ளையன்ஸ் மோசம்’ என்ற இரண்டு சொல்லால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் விளங்காது. ‘டி.இ.சி. மூன்றும் வாங்கினார், விழுங்கவில்லை, போன முறை வந்த காய்ச்சலுக்குப் பயம்’ என்று எழுதலாம்.