ஹாஸ்டல் என்றால் எந்த ஹாஸ்டல்?

தனியாக ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறேன், அங்கே ஹாஸ்டலில் தங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "படிப்புதான் முடிந்துவிட்டதே, உன்னை அங்கே யார் சேர்த்துக்கொள்வார்கள்?" என்றுதான் கேட்பார்கள். கேட்பவர் மேல் தப்பில்லை. தமிழில் ஹாஸ்டல் என்றால் மாணவர் தங்கும் இடம், வார்டன் இருக்கும் இடம், மெஸ் சாப்பாட்டைத் திட்டுகிற இடம். அதிகம் போனால் வேலைக்குப் போகும் பெண்கள் மாதக்கணக்கில் தங்கும் இடம். மூன்று நாளைக்கு ஊர் பார்க்க வந்தவர் அங்கே என்ன செய்கிறார் என்பது இந்தச் சொல்லுக்குள் இன்னும் ஏறவில்லை. இதே கோளாறு ஹோட்டலுக்கும் உண்டு; நாம் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம், தூங்க வேண்டுமென்றால் லாட்ஜ். கடன் வாங்கிய சொல்லை நம் வசதிக்கு வளைத்துக்கொள்வதில் நமக்கு நிகர் கிடையாது.

சரி, முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற பேக்பேக்கர்களுக்கான ஹாஸ்டல் என்பது என்ன? அறைக்குப் பதிலாகப் படுக்கைக்குக் காசு வாங்கும் தங்குமிடம். அவ்வளவுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது. ஓர் அறையில் 4, 6, 8, 12 என்று அடுக்குக் கட்டில்கள் கிடக்கும், அதில் ஒன்று உங்களுடையது, மற்றவற்றில் யார் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். குளியலறை, சமையலறை, உட்கார்ந்து பேசும் கூடம் எல்லாம் பொது. தனியாகப் போகிறவருக்கு இதில் இரண்டு லாபம்: ஓர் ஆளுக்காக முழு அறைக்கும் பணம் கட்ட வேண்டாம், இரவில் பேச ஓர் ஆளாவது கிடைப்பார். சில ஹாஸ்டல்களில் தனி அறையும் தருவார்கள், ஆனால் அதை எடுத்தால் பாதிக் காரணம் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

இனி ஹாஸ்டல் என்ற சொல்லின் வேர். லத்தீனில் ஹோஸ்பெஸ் என்று ஒரு சொல். அதற்கு விருந்தாளி என்றும் பொருள், விருந்தாளியை வரவேற்பவர் என்றும் பொருள். வந்தவருக்கும் வரவேற்றவருக்கும் ஒரே பெயர். அதிலிருந்து வந்தது ஹோஸ்பிட்டாலே, வந்தவர் தங்கும் இடம். அது பழைய பிரெஞ்சில் ஓஸ்டெல் ஆகி, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் ஹாஸ்டல் என்று நுழைந்தது. ஹாஸ்பிட்டல், ஹோட்டல், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பைஸ் எல்லாம் இதற்கு அண்ணன் தம்பிகள். பிரெஞ்சில் நடுவிலிருந்த 'ஸ்' ஒலி காலப்போக்கில் விழுந்து ஓட்டெல் ஆயிற்று, அதை ஆங்கிலம் 17ஆம் நூற்றாண்டில் இன்னொரு தடவை கடன் வாங்கி ஹோட்டல் என்றது. ஆக ஹாஸ்டலும் ஹோட்டலும் ஒரே சொல், இருவேறு காலத்தில் வாங்கிய இரு கடன். ஹாஸ்டல் என்ற சொல் 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கிட்டத்தட்ட செத்தே போயிருந்தது. வால்டர் ஸ்காட் என்ற எழுத்தாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தூசு தட்டி எடுத்துப் பயன்படுத்தியதால்தான் இன்று நம்மிடம் இருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் ஒரு பங்காளியும் உண்டு. அதே வேரின் இன்னொரு கிளைதான் ஹோஸ்டிஸ். முதலில் அந்நியன் என்று பொருள், பிறகு எதிரி. வாசலில் நிற்கும் புது ஆள் விருந்தாளியா எதிரியா என்ற சந்தேகம் அந்த மொழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தமிழில் விருந்து என்பதற்கு ஆதிப் பொருள் புதுமை. தொல்காப்பியத்தில் அந்தப் பொருளிலும் வருகிறது. புதிதாய் வந்தவர் விருந்தினர், அவருக்குப் போடும் சோற்றுக்கு அந்தப் பெயர் வந்தது பிற்பாடு. நம் சொல்லில் எதிரி என்ற கிளை முளைக்கவில்லை. முன்பின் தெரியாத 11 பேர் தூங்கும் அறைக்குள் இருட்டில் கைபேசி வெளிச்சத்தோடு நுழைகிறவருக்கு மட்டும் இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் மனதில் ஓடும்.

இதே குடும்பத்தால் வெளியூரில் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. ஸ்பெயினில் பலகையில் ஹாஸ்டல் மாதிரியே தெரியும் ஒரு சொல் இருக்கும், ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஒஸ்தால் என்று படிக்க வேண்டும். அது பெரும்பாலும் குடும்பமாக நடத்தும் சின்ன ஹோட்டல், தனி அறைகள்தான் இருக்கும், மலிவான கட்டில் கிடைக்காது. பிரான்சில் 'ஓட்டெல் து வில்' என்று பெரிய கட்டடத்தில் எழுதியிருந்தால் பையோடு உள்ளே போய் அறை கேட்காதீர்கள், அது நகராட்சி அலுவலகம். பிரிட்டனில் வீடில்லாதவர்களைத் தங்கவைக்கும் இடத்துக்கும் ஹாஸ்டல் என்றுதான் பெயர். அதனால் வரைபடத்தில் ஹாஸ்டல் என்று தேடி முதலில் வந்ததைப் பிடிக்காமல், பயணிகளுக்கானதுதானா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

இன்றைய பொருளில் இந்தச் சொல் வந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் 1909 ஆகஸ்டில் பிள்ளைகளோடு நெடுநடை போகிறார், வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொள்கிறது, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி இரவைக் கழிக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், வாத்தியாருக்குத் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் காலியாகத்தானே கிடக்கின்றன, நடந்து வரும் இளைஞர்களுக்கு அவற்றைத் திறந்துவிட்டால் என்ன என்று அன்றிரவு தோன்றியிருக்கிறது. முதலில் தன் பள்ளியின் வகுப்பறையையே ஒழித்துக் கொடுத்தார். சில ஆண்டுகளில் அல்டேனா என்ற ஊரின் பழைய கோட்டைக்குள் நிரந்தரமாக ஒரு தங்குமிடம் வந்தது. அன்றைய தடித்த மரக்கட்டில்கள் அந்தக் கோட்டையில் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. 1932இல் ஆம்ஸ்டர்டாமில், இப்படிப்பட்ட தங்குமிடங்களை நடத்திய பல நாட்டுச் சங்கங்கள் கூடிச் சர்வதேசக் கூட்டமைப்பு அமைத்தன. யூத் ஹாஸ்டல் என்ற ஆங்கிலப் பெயர் பரவியதும் அந்தக் காலத்தில்தான்.

இங்கே தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பள்ளி என்ற நம் சொல்லுக்குப் படுக்கை, தூங்குமிடம் என்ற பொருள் உண்டு. பள்ளிகொள்ளுதல், பள்ளியெழுச்சி, பள்ளியறை எல்லாம் அதிலிருந்துதான். துறவிகள் தங்கிய இடமும் பள்ளி, பாடம் சொல்லிக்கொடுத்த இடமும் பள்ளி. ஷிர்மான் பள்ளியைப் பள்ளியாக்கியிருக்கிறார், வேறென்ன சொல்ல!

அவர் வைத்த ஜெர்மன் பெயரில் ஹாஸ்டல் கிடையாது, ஹெர்பெர்கெ. அதைப் பிரித்தால் ஹெரி என்றால் படை, பெர்கன் என்றால் காத்துத் தங்கவைத்தல். படை தங்கும் இடம். பிரெஞ்சின் ஓபெர்ஜ், ஸ்பானிஷ் மொழியின் அல்பெர்கே எல்லாம் இதிலிருந்துதான், கப்பல் ஒதுங்கும் ஹார்பர்கூட இதே கூட்டுச்சொல்தான். தமிழில் படைவீடு என்று சொல்கிறோமே, பாசறைக்குப் பழைய பெயர், அது பகுதிக்குப் பகுதி ஹெர்பெர்கெயோடு பொருந்துகிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்துச் செய்ததில்லை. ஒரு கூட்டம் ஓரிரவு தங்கிவிட்டு மறுநாள் கிளம்புவதை முதலில் செய்தது படைதான் போலிருக்கிறது.

அப்புறம் தமிழில் என்ன சொல்வது?

முதலில் நினைவுக்கு வருவது விடுதி. நல்ல சொல். விடு என்ற வினையிலிருந்து வந்தது, அதே வினைதான் முதல் எழுத்து நீண்டு வீடு ஆகிறது, கெடு கேடானதுபோல. வீடு என்றால் மனையும்தான் விடுதலையும்தான், விடுதிக்கும் விடுதலை என்ற பொருள் அகராதியில் உண்டு. பயணியின் தங்குமிடத்துக்கு இதைவிட அழகான அடிச்சொல் வேண்டாம். சிக்கல், இது ரொம்ப உழைத்துக் களைத்த சொல்: மாணவர் விடுதி, உணவு விடுதி, மதுவிடுதி, கேளிக்கை விடுதி, நட்சத்திர விடுதி. வெறும் விடுதி என்றால் எதுவும் தெரியாது.

சத்திரம் என்றால் சோறும் இடமும் இலவசம் என்ற நினைப்பு கூடவே வரும். வடமொழி வழி வந்த அந்தச் சொல்லின் கௌரவமே கொடுப்பதில்தான். சாவடி ஒரு காலத்தில் வழிப்போக்கர் தங்கிய இடம், ஆங்கிலேயர் சௌல்ட்ரி என்று எழுதிவைத்ததும் தென்னாட்டு வாயில் வழங்கிய இந்தச் சொல்லைத்தான். ஆனால் இன்று சுங்கச்சாவடியும் வாக்குச்சாவடியும்தான் மிச்சம், இரண்டிலும் யாரும் படுக்கப் போவதில்லை. பழைய சொல்லில் எனக்கு ஆசை துச்சில் மேல். 340ஆம் குறளில், நிலையாமை அதிகாரத்தில், புக்கில் என்ற சொல்லோடு எதிரெதிராக வரும். புகுந்து நிலைத்திருக்கும் வீடு புக்கில், ஒரு மூலையில் ஒதுங்கித் தற்காலிகமாகக் குடியிருக்கும் இடம் துச்சில். உடம்புக்குள் உயிர் இருப்பதை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். 12 பேர் அறையில் மேல்கட்டிலில் ஏறித் திரையை இழுத்துவிட்டுச் சுருண்டு படுத்தவருக்கு இதற்கு மேல் கச்சிதமான சொல் கிடையாது. ஆனால் இன்றைய காதுக்குத் துச்சம் என்று விழுமே, பலகையில் எழுதினால் யார் வருவார்கள்?

அதனால் நான் எழுதும்போது பகிர்விடுதி என்கிறேன். இந்த இடத்தின் உயிரே பகிர்வதுதான், அது பெயரிலேயே வந்துவிடுகிறது, மாணவர் விடுதியோடும் குழம்பாது. பேக்பேக்கர் என்பதை முதுகுப்பையர் என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், எனக்கு அது யாரையோ கிண்டல் செய்வது போலிருக்கிறது. பையை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தால் வழிப்போக்கர் என்ற சொல் ஏற்கெனவே தயாராக இருக்கிறதே.

பெயர் எதுவானாலும், இடம் தேர்ந்தெடுக்கும்போது அறிவிப்பில் வரும் சின்னச் சின்னச் சொற்களுக்குப் பொருள் தெரியாவிட்டால் அவதிதான். நான் முதல் தடவை போனபோது லாக்-அவுட் என்று போட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து காலை 11 மணிக்குக் கதவைத் தட்டினால், சுத்தம் செய்யும் நேரம், 4 மணி வரை யாரும் உள்ளே வரக்கூடாது என்று தாள் ஒட்டியிருந்தது. தொழிற்சாலைக்குச் சொல்கிற கதவடைப்பேதான். பழைய யூத் ஹாஸ்டல்களில் இது வழக்கம், இப்போது குறைந்துவிட்டது, ஒழியவில்லை. கர்ஃபியூ என்று இருந்தால் இரவில் இத்தனை மணிக்கு மேல் கதவு திறக்காது. அந்தச் சொல் பழைய பிரெஞ்சில் 'நெருப்பை மூடு' என்பது, ஊர் தீப்பற்றாமலிருக்க இரவு மணியடித்து அடுப்புகளை மூடச் சொன்ன காலத்திலிருந்து வருகிறது. உங்கள் ரயில் நள்ளிரவில் வருகிறது என்றால் கர்ஃபியூவோடு சேர்த்து, வரவேற்பில் 24 மணி நேரமும் ஆள் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தைப் பகல் கணக்கில் போடாதீர்கள், பையோடு இருட்டில் நடக்கும் கணக்கில் போடுங்கள்.

டார்ம் என்பது டார்மிட்டரியின் சுருக்கம், லத்தீனில் தூங்கு என்னும் வினையின் மகன், ஆனால் அங்கே தூங்க முடியும் என்று அந்தப் பெயர் உத்தரவாதம் தருவதில்லை. 4 பேர், 6 பேர் அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். 12க்கு மேல் போனால் யாராவது ஒருவர் எப்போதும் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே இருப்பார். மிக்ஸ்டு டார்ம் என்றால் ஆணும் பெண்ணும் ஒரே அறை. பெண்களுக்கு மட்டும் என்றால் அறை மட்டும்தானா, தளமும் குளியலறையும் தனியா என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. லாக்கர் உண்டு என்பார்கள், அது முழுப் பையும் நுழையும் பெட்டியாகவும் இருக்கலாம், கைபேசி மட்டும் நுழையும் பொந்தாகவும் இருக்கலாம், பூட்டு அநேகமாக உங்களுடையது. லினன் என்றால் விரிப்பும் தலையணை உறையும், துண்டு அதில் சேராது. சொந்தத் தூக்கப்பையைப் பல இடங்களில் விரிக்க விடமாட்டார்கள், மூட்டைப்பூச்சி பயம். அது பெயருக்கேற்ப மூட்டையோடுதான் ஊர்விட்டு ஊர் போகும்.

பார்ட்டி ஹாஸ்டல் என்ற சொல்லை நேரடியாக எழுதமாட்டார்கள். துடிப்பான சூழல், கீழ்த்தளத்தில் பார், தினமும் நிகழ்ச்சிகள் என்றெல்லாம் எழுதியிருந்தால் அதுதான். தனியாக வருகிறவருக்கு ஆள் பழக்கம் வேண்டும்தான், அதற்கு ஒரு நல்ல சமையலறையும் பெரிய மேசையும் போதும்.

மிச்சத்தை அங்கே தங்கிவிட்டு வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். இதற்குத் தமிழில் ஓர் இலக்கிய வகையே இருக்கிறது, ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. போய்ப் பரிசு வாங்கி வந்தவர் எதிரே வருகிறவரிடம் இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், இன்னது கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது. பத்துப்பாட்டில் ஐந்து அந்த வகைதான். அதில் ஒரு பழக்கம் உண்டு, சொல்பவர் குறை எதையும் சொல்லமாட்டார், புரவலர் எப்போதும் வாரி வழங்குபவர். இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதுகிறவர்கள் அந்தப் பரம்பரை. நான் மூன்று நட்சத்திரம் போட்டவர்களை முதலில் படிப்பேன், அதுவும் கடைசி இரண்டு மூன்று மாதத்துக்குள் தனியாக வந்து தங்கினவர் எழுதியதாகப் பார்த்து. கட்டில் கிரீச்சிட்டதா, வெந்நீர் எத்தனை மணிக்குத் தீர்ந்தது, ராத்திரி வாசலில் விளக்கு எரிந்ததா என்பதையெல்லாம் அவர்தான் எழுதியிருப்பார்.